16 நகர்த்தலில் டிரா: ஒரு சென்னை ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் படிக்கும் முறை

செஸ் புதிதாகக் கற்பவர்கள் டிராவில் முடிந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் ஜெயிக்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. இது தவறான கணக்கு. ஜெயித்த ஆட்டத்தில் ஒருவர் எங்கோ பிழை செய்திருப்பார், அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. டிராவில் அப்படி ஒரு பிழை கண்ணில் படாது. இரண்டு பக்கமும் ஏன் முன்னேற முடியவில்லை என்று கட்டம் கட்டமாகத் தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் காய்களின் காவலும் கட்டுப்பாடும் புரியும்.

இதற்கு நல்ல உதாரணம், 2013 நவம்பர் 9 அன்று சென்னை ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். வெள்ளை மாக்னஸ் கார்ல்சன், கறுப்பு விஸ்வநாதன் ஆனந்த். 16 நகர்த்தலில் டிரா. பலகையில் 30 காய்கள் அப்படியே நின்றன, ஆட்டம் முழுக்க வெட்டுப்பட்டது ஆளுக்கு ஒரு சிப்பாய்தான். “சண்டையே போடவில்லை” என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. கடைசி நான்கு நகர்த்தலை உற்றுப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

தயாராவது

ஒரு பலகை, காய்கள், பேனா, வெள்ளைத் தாள் போதும். செல்பேசியில் இருக்கும் செஸ் இன்ஜினை (நிலையைக் கணித்துச் சொல்லும் மென்பொருளை) அணைத்து வையுங்கள். அது இந்த நிலை சமம் என்று ஒரு எண்ணைக் காட்டிவிடும். ஏன் சமம் என்பதை அது சொல்லாது.

வெள்ளை பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வலது கை ஓரத்தின் கடைசிக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். இடமிருந்து வலமாக வரிசைகளின் பெயர் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச். உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி 1 முதல் 8 வரை எண்கள். ராணி டி1-இல், ராஜா இ1-இல். கீழே சிப்பாய் நகர்த்தலுக்குக் கட்டத்தின் பெயர் மட்டும் தரப்பட்டிருக்கிறது, மற்ற காய்களுக்குக் காயின் பெயரும் சேர்ந்து வரும்.

ஆட்டம்

1. குதிரை எஃப்3 – டி5
2. ஜி3 – ஜி6
3. பிஷப் ஜி2 – பிஷப் ஜி7
4. டி4 – சி6
5. காஸ்லிங் – குதிரை எஃப்6
6. பி3 – காஸ்லிங்
7. பிஷப் பி2 – பிஷப் எஃப்5
8. சி4 – பி8 குதிரை டி7
9. குதிரை சி3 – டி5 சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது
10. பி3 சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது – குதிரை பி6
11. சி5 – குதிரை சி4
12. பிஷப் சி1 – குதிரை டி5
13. ராணி பி3 – குதிரை ஏ5
14. ராணி ஏ3 – குதிரை சி4
15. ராணி பி3 – குதிரை ஏ5
16. ராணி ஏ3 – குதிரை சி4, டிரா

இரண்டு காஸ்லிங்கும் ராஜா பக்கத்துக் காஸ்லிங்தான், அதாவது ஒரே நகர்த்தலில் ராஜா ஜி வரிசைக்கும் ஹெச் வரிசை யானை எஃப் வரிசைக்கும் போகின்றன. எட்டாவது நகர்த்தலில் “பி8 குதிரை” என்று ஏன் குறிக்க வேண்டும்? எஃப்6 குதிரையும் டி7-க்குப் போக முடியும். எந்தக் குதிரை என்று எழுதாவிட்டால் பிறகு தாளை வைத்து ஆட்டத்தைத் திருப்பி ஆட முடியாது, டிரா கோரும்போது ஆர்பிட்டராலும் (போட்டி நடுவராலும்) சரிபார்க்க முடியாது.

முதல் தடவை நிறுத்தாமல் கடைசி வரை ஆடிவிடுங்கள். பிறகு காய்களை மறுபடி அடுக்கி, கீழே சொல்லியிருக்கும் இடங்களில் நின்று நின்று போங்கள்.

ஓப்பனிங்கில் கவனிக்க வேண்டியவை

முதல் நகர்த்தலில் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவருவது ரெட்டி ஓப்பனிங். ரிச்சர்ட் ரெட்டி என்ற ஆட்டக்காரரின் பெயரில் வழங்குகிறது. 1924-இல் நியூயார்க்கில் அவர் கபாபிளாங்காவைத் தோற்கடித்து, எட்டு வருடத் தோல்வியற்ற ஓட்டத்தை முடித்துவைத்தார். நடுக்கட்டங்களில் உடனே சிப்பாயை நிறுத்தாமல், தூரத்திலிருந்து குதிரையும் பிஷப்பும் அவற்றைக் கண்காணிக்கும். ஜி3 தள்ளி பிஷப்பை ஜி2-இல் உட்காரவைப்பதற்கு ஃபியான்கெட்டோ என்று பெயர். இந்த ஆட்டத்தில் கறுப்பும் அதையே செய்கிறது.

புதியவர்களுக்கு இந்த அமைப்பு வசதியானது. ஜி3, பிஷப் ஜி2, குதிரை எஃப்3, காஸ்லிங் என்ற நான்கும் எதிராளி என்ன ஆடினாலும் பெரும்பாலும் ஆட முடியும், ராஜா சீக்கிரம் பத்திரமாகிவிடும். ஆனால் மனப்பாடமாக நகர்த்திக்கொண்டே போவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எதிராளியின் காய் எங்கே குதிக்கப் போகிறது என்று பார்க்காமல் போய்விடுவோம்.

நான்காவதில் கறுப்பு சி6 ஆடியது டி5 சிப்பாய்க்கு முட்டுக் கொடுக்க. ஏழாவதில் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவந்தது இ-வரிசைச் சிப்பாய் நகருவதற்கு முன்பே. இந்த வரிசை முக்கியம். இ6 முதலில் ஆடியிருந்தால் அந்த பிஷப் சி8-இலேயே அடைபட்டுக் கிடக்கும். இங்கே அது வெளியே வந்து இ4 கட்டத்தை மேற்பார்க்கிறது. பிறகு அதன் பயன் தெரியும்.

எட்டாவதில் வெள்ளை சி4 தள்ளி டி5-ஐ அடிக்கிறது (அடுத்து வெட்டுவேன் என்று மிரட்டுகிறது). கறுப்பு ஒரு நகர்த்தல் பொறுத்து, ஒன்பதாவதில் சி4-ஐ வெட்டுகிறது. வெள்ளை ஏற்கெனவே பி3 ஆடிவைத்திருப்பதால் உடனே திருப்பி வெட்ட முடிகிறது. இப்போது வெள்ளையிடம் சி4, டி4 என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள், கறுப்பிடம் நடுவில் சிப்பாயே இல்லை. பார்வைக்கு வெள்ளை கை ஓங்கியதுபோல் தெரியும். இந்த இடத்தில் பலகையை நிறுத்தி, கறுப்புக்கு நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று தாளில் எழுதிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பத்தாவதில் ஆனந்தின் குதிரை பி6-க்குப் போய் சி4 சிப்பாயை அடிக்கிறது. வெள்ளை அந்தச் சிப்பாயைக் காக்கலாம் அல்லது முன்னே தள்ளலாம். கார்ல்சன் தள்ளினார். சி5 சிப்பாய் பி6 குதிரையை அடிக்கிறது, அதனால் கறுப்பு குதிரையை எடுத்தே ஆக வேண்டும். ஒரு நகர்த்தல் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் சிப்பாய் பின்னால் வராது. சி5-க்குப் போன நிமிடமே அது காத்துவந்த டி5 கைவிட்டுப் போகிறது, அது நின்றிருந்த சி4 காலியாகிறது. கறுப்பின் இரண்டு குதிரைகளும் அடுத்த இரண்டு நகர்த்தலில் சரியாக அந்த இரண்டு கட்டங்களில்தான் வந்து உட்காருகின்றன. டி5 குதிரையை விரட்ட வெள்ளையிடம் மிச்சமிருக்கும் சிப்பாய் இ-வரிசைச் சிப்பாய் ஒன்றுதான். அது இ4-க்கு வர வேண்டும், அந்தக் கட்டத்தின் மேல் எஃப்5 பிஷப்பின் கண் இருக்கிறது.

சி4-க்கு வந்த குதிரை பி2 பிஷப்பை அடிக்கிறது. பிஷப் புறப்பட்ட சி1-க்கே திரும்புகிறது. போய்வந்த செலவு இரண்டு நகர்த்தல். இதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு முதல் நகர்த்தலால் வரும் சிறு சாதகம் எங்கே கரைந்தது என்று கேட்டால் காட்ட வேண்டிய இடம் இதுதான்.

டிரா எங்கே பிறக்கிறது

12-ஆவது நகர்த்தலில் கறுப்பின் குதிரை டி5-க்கு வந்ததும் நில்லுங்கள். சி3-இல் இருக்கும் வெள்ளைக் குதிரையை எத்தனை காய்கள் காக்கின்றன? பூஜ்யம். பி2-இல் பிஷப் இருந்தவரை அது காத்தது, இப்போது சி1-க்குப் போய்விட்டது. கறுப்பு சி3-ஐ வெட்டினால் காய் போவது ஒரு பக்கம், அந்தக் குதிரை டி1 ராணியையும் அடிக்கும்.

வெள்ளை ராணி பி3-க்கு வருகிறது. சி3-க்குக் காவல் கிடைத்தது, கூடவே சி4 குதிரையின் மேல் அடி. அந்தக் குதிரைக்குக் காவல் இல்லை, அது எங்கே ஓடலாம்? குதிரைக்கு எட்டுக் கட்டங்கள். விரல் வைத்து எண்ணுங்கள். பி6-க்கும் டி6-க்கும் போனால் சி5 சிப்பாய் வெட்டும். இ5-க்குப் போனால் டி4 சிப்பாயோ எஃப்3 குதிரையோ வெட்டும். ஏ3, பி2, டி2, இ3 நான்கையும் சி1 பிஷப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் ஏ5 ஒன்றே ஒன்று. அங்கே போனால் டி8 ராணியின் காவல் உண்டு, பி7 சிப்பாய்க்கும் பாதுகாப்பு, அத்தோடு பி3 ராணியின் மேலும் அடி.

இப்போது வெள்ளை ராணி நகர்ந்தாக வேண்டும், ஆனால் சி3-ஐக் கைவிடக் கூடாது. அவளுக்கு எங்கே இடம்? பி4-க்குப் போனால் டி5 குதிரை வெட்டும். சி2-க்குப் போனால் எஃப்5 பிஷப் வெட்டும். டி1-க்குத் திரும்பினால் சி3 காவலற்றுப் போகும். ஏ4-க்குப் போனாலும் அதே கதை: கறுப்பு சி3-ஐ வெட்டும், வெள்ளை ஏ5 குதிரையை வெட்டினால் டி8 ராணி வெள்ளை ராணியையே எடுத்துவிடும். உருப்படியாக மிஞ்சுவது ஏ3, பி2. இரண்டையும் சி4-இலிருந்து அதே குதிரை அடிக்க முடியும். அதனால் குதிரை சி4-க்குத் திரும்ப, ராணி பி3-க்குத் திரும்ப, குதிரைக்கு மறுபடி ஏ5 ஒன்றே பிழைக்கும் வழி.

ராணிக்கு சி3-ஐ விட்டுப் போக முடியவில்லை, குதிரைக்கு ஏ5-ஐத் தவிர ஓட இடமில்லை. இரண்டு பேருடைய கையும் ஒரே நேரத்தில் கட்டப்பட்டிருப்பதால்தான் நகர்த்தல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

அதற்காக வேறு வழியே கிடையாது என்று எழுதிவிடாதீர்கள். 14-ஆவதில் கறுப்பு சி3-இல் குதிரைக்குக் குதிரை வெட்டி வேறு பாதையில் போகலாம். 15-ஆவதில் வெள்ளைக்கும் ஒரு வெளிவாசல் உண்டு. ராணியை ஏ4-க்குக் கொண்டுபோனால் கறுப்பு சி3-ஐ வெட்டும், வெள்ளை ராணி சி4 குதிரையை வெட்டும், காய்க்குக் காய் சரி. 14-இல் தற்கொலையாக இருந்த அதே ஏ4, 15-இல் ஆடக்கூடியதாகிவிடுகிறது. காரணம், அப்போது ஏ5-இல் காவலோடு நின்ற குதிரை இப்போது சி4-இல் காவலில்லாமல் நிற்கிறது. 15. ராணி ஏ4-க்குக் கறுப்பு பி5 என்று சிப்பாயைத் தள்ளினால் என்ன நடக்கும்? இதை இன்ஜின் இல்லாமல் கால் மணி நேரம் பலகையில் நகர்த்திப் பாருங்கள். சி5 சிப்பாய் போகிறபோக்கில் பி6-இல் வெட்ட முடியும் (இரண்டு கட்டம் தாவி வந்த சிப்பாயை, ஒரு கட்டம்தான் வந்தது போல அடுத்த நகர்த்தலிலேயே வெட்டுவது) என்பதை மறக்காதீர்கள். இந்த ஆட்டத்திலேயே சுவையான பயிற்சி இதுதான்.

மூன்று முறை என்பதை எண்ணுவது

மூன்று முறை நிலை திரும்பியதால் டிரா என்றுதான் இந்த ஆட்டத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். தாளை வைத்து எண்ணிப் பாருங்கள், ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

எண்ண வேண்டியது பலகையின் நிலையை. நகர்த்தலை எண்ணினால் தப்பாகிவிடும். எல்லாக் காய்களும் அதே கட்டங்களில் இருக்க வேண்டும், அடுத்து ஆட வேண்டியவர் அவரே ஆக இருக்க வேண்டும், காஸ்லிங் உரிமையும் போகிறபோக்கில் வெட்டும் உரிமையும் மாறியிருக்கக் கூடாது.

இந்தச் சுழலில் நான்கு வகை நிலைகள் வருகின்றன.

ராணி பி3, குதிரை சி4, கறுப்பு ஆட வேண்டும்: 13-க்குப் பின், 15-க்குப் பின். இரண்டு முறை.
ராணி பி3, குதிரை ஏ5, வெள்ளை ஆட வேண்டும்: 13, 15. இரண்டு முறை.
ராணி ஏ3, குதிரை ஏ5, கறுப்பு ஆட வேண்டும்: 14, 16. இரண்டு முறை.
ராணி ஏ3, குதிரை சி4, வெள்ளை ஆட வேண்டும்: 14, 16. இரண்டு முறை.

எந்த நிலையும் பலகையில் மூன்றாவது முறை வரவில்லை. 12-ஆவதுக்குப் பின்பும் குதிரை சி4-இல்தான் இருந்தது, ஆனால் அப்போது ராணி டி1-இல், ஆகவே அது சேராது. மூன்றாவது முறை வரப்போவது 17. ராணி பி3 ஆடினால். வெள்ளையின் முறை வந்ததும் அந்த நகர்த்தலை ஆடாமலேயே டிரா கோர விதி இடம் கொடுக்கிறது. அதனால் ஆட்டக் குறிப்பு 16-உடன் நின்றாலும் முரண்பாடு இல்லை.

இன்னொரு நுணுக்கம். திரும்ப வருவது அடுத்தடுத்து வர வேண்டும் என்று கட்டாயமில்லை. 20-ஆவது, 31-ஆவது, 44-ஆவது நகர்த்தலில் ஒரே நிலை வந்தாலும் மூன்றுதான். இந்த ஆட்டத்திலேயே வெள்ளை ஒருமுறை ஏ3-க்கும் ஒருமுறை பி2-க்கும் போய்த் திரும்பியிருந்தாலும், ராணி பி3-க்கு வந்து நிற்கும் நிலை அதே நிலையாகத்தான் எண்ணப்படும்.

எண்ணிப் பழக இன்னொன்று

இது பெர்லின் டிஃபென்ஸ் என்ற கறுப்பின் தற்காப்பு ஓப்பனிங்கில் வரும் பிரபலமான சுருக்க டிரா. கிராண்ட்மாஸ்டர்கள் பல தடவை ஆடியிருக்கிறார்கள்.

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. பிஷப் பி5 – குதிரை எஃப்6
4. காஸ்லிங் – குதிரை இ4-ஐ வெட்டுகிறது
5. டி4 – குதிரை டி6
6. டி4 சிப்பாய் இ5-ஐ வெட்டுகிறது – குதிரை பி5-ஐ வெட்டுகிறது
7. ஏ4 – பி5 குதிரை டி4
8. குதிரை டி4-ஐ வெட்டுகிறது – குதிரை டி4-ஐ வெட்டுகிறது
9. ராணி டி4-ஐ வெட்டுகிறது – டி5
10. இ5 சிப்பாய் போகிறபோக்கில் டி6-இல் வெட்டுகிறது – ராணி டி6-ஐ வெட்டுகிறது
11. ராணி இ4 செக் – ராணி இ6
12. ராணி டி4 – ராணி டி6
13. ராணி இ4 செக் – ராணி இ6
14. ராணி டி4 – ராணி டி6, டிரா

டி4-இல் நிற்கும் வெள்ளை ராணி ஜி7 சிப்பாயை அடிக்கிறாள். எஃப்8 பிஷப் நகர்ந்தால் ஜி7 போய்விடும். அதனால் கறுப்பு ராணி டி6-க்கு வந்து “மாற்றிக்கொள்ளலாமா” என்று நிற்கிறாள். ராணிகள் டி4, டி6-இல், வெள்ளை ஆட வேண்டிய நிலை 10, 12, 14 ஆகிய மூன்று நகர்த்தல்களுக்குப் பின் வருகிறது. இங்கே மூன்றும் பலகையிலேயே நடந்துவிட்டது. கறுப்பு ராஜா இன்னும் காஸ்லிங் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். செக்கை ராணி தடுத்ததால் ராஜா அசையவில்லை, காஸ்லிங் உரிமை அப்படியே இருக்கிறது. நடுவில் ஒருமுறை ராஜா நகர்ந்து இ8-க்கே திரும்பியிருந்தால் காய்கள் அதே இடத்தில் இருந்தாலும் நிலை வேறு, எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பெர்லினுக்கு இப்போதைய புகழ் வந்தது 2000-இல், லண்டனில் கிராம்னிக் இதைக் கேடயமாக வைத்து காஸ்பரோவிடமிருந்து உலக சாம்பியன் பட்டத்தை எடுத்தபோது. 15 ஆட்டங்களில் காஸ்பரோவ் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

போட்டி அரங்கில் டிரா கோரும் முறை

உங்கள் முறை வந்திருக்கிறது, நீங்கள் ஆடப்போகும் நகர்த்தலால் நிலை மூன்றாவது முறை வரும் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. காயைத் தொடாதீர்கள். ஆடும் நோக்கத்தோடு தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்குக் கோரும் உரிமை போய்விடும்.
2. ஆடப்போகும் நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில்) எழுதுங்கள். நகர்த்துவதற்கு முன் எழுதக் கூடாது என்பது பொது விதி, டிரா கோரிக்கை அதற்கு விலக்கு. எழுதியதை மாற்ற முடியாது.
3. கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை அழையுங்கள். கையைத் தூக்கினால் போதும், கத்த வேண்டாம்.
4. “இந்த நகர்த்தலை ஆடப்போகிறேன், மூன்றாவது முறை நிலை வருகிறது, டிரா கோருகிறேன்” என்று சொல்லுங்கள். எந்தெந்த நகர்த்தல்களில் வந்தது என்ற எண்களையும் சொன்னால் அவர் வேலை சுலபம்.

எதிராளி ஆடியே மூன்றாவது முறை வந்துவிட்டது என்றால் இரண்டாவது படி வேண்டாம், நேரே மூன்றுக்குப் போங்கள்.

கோரிக்கை சரி என்றால் ஆட்டம் அங்கேயே டிரா. தப்பு என்றால் எதிராளியின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூடும், நீங்கள் எழுதிய நகர்த்தலையே ஆடியாக வேண்டும். அது மோசமான நகர்த்தலாக இருந்தால் கஷ்டம், அதனால் எண்ணாமல் கோராதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: ராணியை பி3-க்கு நகர்த்தி, கடிகாரத்தையும் தட்டிவிட்டு, பிறகு “டிரா” என்பது. தட்டியதும் முறை எதிராளிக்குப் போய்விட்டது, கோரும் உரிமையும் அவருக்கே. அவர் வேறு மாதிரி ஆடிவிட்டால் உங்கள் மூன்றாவது முறை வீண்.

அடுத்தது, எழுதாமல் விடுவது. ஒரு நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் போட்டியில் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும். அப்படிக் கூடாத போட்டியில் ஐந்து நிமிடத்துக்குக் கீழ் வந்தால் எழுதுவதை நிறுத்தலாம். ஆனால் தாளில் இல்லாததை வைத்து மூன்று முறையை நிரூபிப்பது கடினம். யாரும் கோராவிட்டாலும் ஒரே நிலை ஐந்து முறை வந்தால் டிரா. அதேபோல் சிப்பாய் நகராமல், எதுவும் வெட்டப்படாமல் இரு பக்கமும் 50 நகர்த்தல் போனால் கோரலாம். 75 போனால், கடைசி நகர்த்தல் செக்மேட்டாக இல்லாதவரை, கோராமலே டிரா.

டிரா கேட்பது வேறு விஷயம்

எதிராளி சம்மதத்தோடு முடித்துக்கொள்வது தனி. முதலில் உங்கள் நகர்த்தலை ஆடுங்கள், பிறகு “டிரா?” என்று கேளுங்கள், பிறகு கடிகாரத்தைத் தட்டுங்கள். இந்த மூன்றும் இந்த வரிசையில்தான். இரு பக்கமும் தாளில் அந்த இடத்தில் அடைப்புக்குள் சமக்குறி (=) போட வேண்டும். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. அவர் வேண்டாம் என்று சொல்லும்வரை அல்லது ஆடும் நோக்கத்தோடு காயைத் தொடும்வரை அது உயிரோடு இருக்கும். மறுத்தவரிடம் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் தொந்தரவு என்று ஆர்பிட்டர் எச்சரிப்பார்.

குறிப்பிட்ட நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்யக் கூடாது என்று போட்டி விதியில் இருக்கலாம். 2005-இல் சோபியாவில் நடந்த போட்டியால் பரவிய பழக்கம் இது, சோபியா விதி என்றே பேர். அந்த விதி இருந்தாலும் மூன்று முறை நிலை வந்ததற்கான கோரிக்கை செல்லும், அது ஒப்பந்தம் இல்லையே. போட்டிக்குப் பதிவு செய்யும்போதே அழைப்பிதழில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பவர் 16-ஆவது நகர்த்தலில் கை குலுக்கிவிட்டு எழுவது வீண். உலக சாம்பியன் போட்டியில் 12 ஆட்டங்கள் திட்டமிட்டிருக்கும்போது முதல் நாள் அரைப் புள்ளிக்குக் கணக்கு உண்டு. உள்ளூர் போட்டியில் மத்திய ஆட்டமும் கடைசி ஆட்டமும் ஆடிப் பழகத்தானே போகிறோம். நிலை கட்டாயமாகத் திரும்பினால் கோருங்கள், பயத்தில் கேட்காதீர்கள்.

முடிந்ததும் இருவர் தாளிலும் ½–½ என்று எழுதி, இருவரும் இரண்டிலும் கையெழுத்திடுங்கள். ஜோடி எண்ணும் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், முடிவு மாறிப் பதிவாவது பெரும்பாலும் அவசரமாகக் கொடுத்த தாளால்தான்.

ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளிக் கணக்கு) விஷயம். உங்களைவிட 200 புள்ளி கூடுதலாக உள்ளவரிடம், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்குப்படி, ஓர் ஆட்டத்தில் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. டிராவில் கிடைப்பது 0.5, வித்தியாசம் 0.26. 30 ஆட்டம் முடிக்காத புதியவருக்குப் பெருக்கும் எண் 40, ஆக 10.4 புள்ளி ஏறும். அதே 200 புள்ளி குறைந்தவரிடம் டிரா ஆனால் அதே 10.4 இறங்கும்.